அப்பாவின் காருக்கு நாலு காவல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, சிலாபத்தில் மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, என் கார் நிறுத்திய இடத்தில் இல்லை. கோயில் மணிக்கூட்டைத்தான் முதலில் பார்த்தேன். பொலிசுக்கு நேரம் சொல்ல வேண்டி வரும் என்று மனம் முந்திக்கொண்டதோ என்னவோ. கார் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை நான். ஆனால் அந்தக் காரின் பின் இருக்கையில் என் கடைசி மகள், ஆறு வயது, நித்திரையாய்க் கிடந்தாள்.

இருபது நிமிடத்தில் கார் கிடைத்துவிட்டது. பிள்ளை கண் விழிக்கவேயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களையும் சேர்த்துப் பதறவைக்க எனக்கு விருப்பமில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பதை மட்டும் கடைசியில் சொல்கிறேன். அதற்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். இரவில் எழும்பிப் போய்க் கார் நிற்கிறதா என்று இன்னும் பார்க்கிறேன். வீட்டில் மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டு சிரிக்கிறார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இரும்புக் கடைக்குப் போய், "கார் கட்டச் சங்கிலி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கார் கடிக்குமா மிஸ்?" என்றார். அவர் எடுத்துப்போட்ட சங்கிலியில் கிரீசும் துருவும் மணத்தன. பக்கத்துக் கடையிலிருந்து கருவாட்டு வாடையும் வந்து அதோடு கலந்தது. அந்த இரண்டு மணமும் ஒன்றாய் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் சிலாபத்தில் இல்லை. கற்பிட்டியில், வெள்ளைக்காரன் காலத்தில், அப்பாவின் காருக்குள் இருந்தேன்.

அப்பா கருவாட்டு வியாபாரி. உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி அந்தக் காரை மதுரங்குளி ரசாக் நானாவிடம் வாங்கினார். ரசாக் நானா பல வருடம் உப்பு லொறி ஓட்டியவர். முதுகு வலி வந்ததும் லொறியை விட்டுவிட்டு, திருநாளுக்குத் திருநாள் விளையாட்டுச் சாமானும் மஸ்கட் இனிப்பும் விற்கத் தொடங்கினார். காரைக் கொடுத்த அன்றைக்கு அப்பாவிடம், "சந்தியாகு, இதப் பாத்துப் பாவிச்சா உன்ன விட நாள் இரிக்கும்" என்றாராம். அந்தச் சொல்தான் அப்பாவைக் கெடுத்தது என்று அம்மா சொல்வார். பாவிப்பதை விட்டுவிட்டு அப்பா பாதுகாக்கத் தொடங்கினார்.

யுத்தம் வந்ததும் டயருக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு வந்தது. எந்த ஊரிலோ ஒரு டொக்டரின் காரைத் தூக்கிப்போய், நாலு சில்லையும் கழற்றிக்கொண்டு, வெறும் வண்டியை நாலு தென்னங்குற்றியில் நிறுத்திவைத்திருந்தார்களாம். இந்தக் கதையை அப்பா சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்க் காரின் சில்லுகளை எண்ணினார். நாலும் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய் எண்ணினார்.

முதல் காவல் சங்கிலி. கடையில் வாங்கியதல்ல, பழைய வள்ளத்தின் நங்கூரச் சங்கிலி. ஸ்டியரிங்கில் சுற்றி, கதவின் ஜன்னல் வழியாய் வெளியே எடுத்து, முற்றத்துத் தென்னையில் கட்டிப் பெரிய பூட்டுப் போட்டார். பார்த்தால் கார் ஆழக்கடலில் நங்கூரமிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் அவசரத்தில் சங்கிலியை மறந்து காரை எடுத்து, தென்னையிலிருந்து ஒரு குரும்பைக் குலையை பொனட்டின் மேல் விழுத்தியதும் அவர்தான். "களவன் வந்திருந்தா அவன்ட தலையிலதான் விழுந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பொனட்டின் பள்ளத்தைத் தடவினார்.

இரண்டாவது ஹோன். கதவின் கீல் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு, எதிரே இன்னொன்று, பற்றறியிலிருந்து ஒரு வயர். யார் கதவைத் திறந்தாலும் தகடுகள் முட்டி ஹோன் அடிக்கும், மூடினால்தான் நிற்கும். களவன் ஒருவனும் வந்து அடிக்கவில்லை. ஆடு உரசி அடித்தது. அம்மா தேங்காய் எடுக்கப்போய் அடித்தது. அப்பாவே காரில் ஏறும்போதெல்லாம் அடித்தது. அப்பா வியாபாரத்துக்குப் புறப்படுகிறார் என்பது அதனால் ஊருக்கே தெரியும்.

மூன்றாவது, இருக்கைக்கு அடியில் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் ஒளித்துவைத்த சுவிச். அதைப் போடாவிட்டால் எஞ்சினுக்கு மின்சாரம் போகாது. காரைக் கிளப்ப முன்னால் கம்பியைச் செருகி எத்தனை தரம் சுற்றினாலும் சும்மாதான். அப்பா அதைப் போட மறந்து, கம்பியைச் சுற்றிச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் மெதுவாய் நிமிர்ந்து யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நிற்போம்.

நாலாவதுதான் பெரிய காவல். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி, அதற்குள் பெருவிரல் அளவில் சுழலுகிற ஒரு துண்டு. ரோட்டர் என்பார்கள். அது இல்லாவிட்டால் ராசா வந்தாலும் கார் கிளம்பாது. புத்தளம் விமானத் தளத்தில் லொறி ஓட்டிய ஒருவர் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றிலிருந்து காரை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றி, கைக்குட்டை லேஞ்சியில் முடிந்து, மடியில் செருகிக்கொள்வது அப்பாவின் பழக்கமாயிற்று. கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் ஒரு கை மடியில்தான் இருக்கும். சுவாமியார் அதைப் பார்த்து, வயிற்று வலியா என்று ஒருமுறை விசாரித்தார்.

இந்தக் கூத்தில் எனக்கும் பங்குண்டு. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் புது ரீச்சர். என் கையெழுத்து வடிவாய் இருக்கும் என்று எனக்கே ஒரு எண்ணம். அப்பா ஒரு பலகையைக் கொண்டுவந்து, "இந்தக் காருக்கு பிரேக் இல்லை" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும், கீழே கோடு இழுத்து. காரை நிறுத்தும்போதெல்லாம் அப்பா அதை முன் கண்ணாடியில் சாய்த்துவைப்பார். களவன் வாசித்துவிட்டு உயிருக்குப் பயந்து போய்விடுவான் என்பது கணக்கு. களவனுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. புது ரீச்சருக்கு உலகத்தில் எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்களாகத்தான் தோன்றும்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். கலியாணமாகி ஐந்து வருடம் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாதாவைப் பெற்ற தலவிலை அன்னம்மாள் தாயாருக்கு நேர்ந்தார், வயிற்றில் பிள்ளை தங்கியது. பிள்ளை பிறக்க முந்தி வந்து கோயிலைச் சுற்றுகிறேன் என்பதுதான் நேர்த்தி. அத்தானுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. திருநாளுக்கு முதல் நாள் அப்பா, அம்மா, எட்டு மாத வயிற்றோடு அக்கா, நான், நாலு பேரும் அந்தக் காரில் தலவிலைக்குப் போனோம்.

போனதும் அப்பா செய்த முதல் வேலை காரை ஒரு தென்னையில் கட்டியது. அன்னம்மாளைக் கும்பிட்டது இரண்டாவது வேலை. ஓலையால் வாடி போட்டுத் தங்கியிருக்கிற சனம், வண்டில் மாடுகள், கடைகள், மெழுகுவர்த்திப் புகை. அந்த நெரிசலைப் பார்த்ததும் அப்பாவுக்கு நாலு காவலும் போதாமல் போயிற்று. மடியிலிருக்கிற ரோட்டரை எவனாவது அடித்துவிட்டால்? ஒரு முழு மணித்தியாலம் யோசித்துவிட்டு, களவன் கை வைக்கத் துணியாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தார். நேரே கோயிலுக்குள் போய், தாயாரின் சுரூபத்தின் காலடியில், சனம் காணிக்கை வைக்கிற படியில், லேஞ்சி முடிச்சை வைத்தார்.

"தாயே, பூசை முடியுமட்டும் இதப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாய் எங்களிடம் பெருமையாய்ச் சொன்னார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிட்டது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். வலி வந்துவிட்டது, ஒரு மாதம் முந்தி. பக்கத்து வாடியிலிருந்த ஒரு மருத்துவிச்சிக் கிழவி அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியே கூப்பிட்டார். "பிள்ள குறுக்க கெடக்கு. என்ட கைக்கு அடங்காது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, மாட்டு வண்டில்ல போனா நேரம் போயிடும்." கற்பிட்டி ஆசுபத்திரி பன்னிரண்டு மைல். கச்சான் காற்றில் கடல் குமுறிக்கொண்டிருந்தது, வள்ளம் இறக்க முடியாது. காலையில் சனத்தை இறக்கிய பஸ் போய்விட்டது. பெற்றோல் இல்லாத காலம், சுற்றுவட்டாரத்தில் நின்றது ஒரே ஒரு கார். நாலு காவலோடு தென்னையில் கட்டி நின்றது.

அப்பா கோயிலுக்கு ஓடினார், பின்னால் நானும். படியில் ஒன்றுமில்லை. கோயிலைப் பராமரிக்கிற மூப்பர் அப்போதுதான் படியைக் கூட்டித் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இதில வெச்ச லேஞ்சி?"

"காணிக்கையா? எல்லாத்தையும் பெட்டிக்குள்ள போட்டாச்சு."

"அது காணிக்கையில்ல மூப்பர், என்ட காருட ரோட்டர்."

மூப்பர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். "பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு தெறப்பு என்னட்ட, மற்றது சுவாமியிட்ட. சுவாமி பின்னேர வேஸ்பர் செபத்துக்கு ஆயர் ஆண்டவரைக் கூட்டிவரப் போயிட்டார். எத்தின மணிக்கு வருவாரெண்டு தெரியாது. களவு போகக்கூடாதெண்டுதானே சந்தியாகு ரெண்டு பூட்டு."

அப்பா அந்த இரண்டு பூட்டையும் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பொறாமையா பயமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பிறகு வெளியே வந்தார். மூன்று வருடமாய் எந்த ஆளுக்குப் பயந்து சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தாரோ, அந்த ஆளைத் தேடினார். கடைவீதியின் நடுவில் ஒரு மாட்டு வண்டிலின் மேல் ஏறி நின்று, கைகளைக் குவித்துக் கேட்டார்:

"இஞ்ச கார் களவெடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா? என்ட மகளுக்கு வலி வந்திட்டு. ஆராயிருந்தாலும் வாங்க, நான் பொலிசுக்குச் சொல்ல மாட்டேன்."

சனம் திரும்பிப் பார்த்தது. "அண்ணே, ஆடு எண்டா வருவேன், காருக்கு இன்னும் பழகல்ல" என்றான் ஒருவன். "சந்தியாகுட கருவாட்டுக் காரா? அதத் தூக்கிறவனுக்கு மூக்கு இரிக்காதே" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழும்பியும் வந்தார்கள். சும்மா பார்க்க வரவில்லை, என்ன செய்யவேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி ரசாக் நானா வந்தார்.

"என்னடா சந்தியாகு, வண்டில்ல ஏறி ஏலம் போடுறாய்?"

அப்பா சொன்னார். நானா முழுவதையும் கேட்டார். "நீ காரக் களவன்ட்ட இருந்து காப்பாத்தல்லடா. ஒன்ட்ட இருந்துதான் காப்பாத்தி வெச்சிரிக்கிறாய்" என்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு பொனட்டைத் திறந்தார். கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு அளந்தார். "மகள், நீ ஓடிப்போய் என்ட கடையில பெரிய பம்பரமாப் பாத்து ரெண்டு எடுத்து வா. வயிரமான மரமா இரிக்கோணும். தட்டிப் பாத்து எடு."

ஓடினேன். எது வயிரமான மரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சிவப்புக் கோடு போட்டதில் ஒன்று, பச்சைக் கோடு போட்டதில் ஒன்று கொண்டுவந்தேன். நானா பச்சையைத் தூக்கிப் போட்டார். சிவப்பில் ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையைப் பெருப்பித்து, தலையைச் சீவி, பேனாக்கத்தியால் செதுக்கத் தொடங்கினார். செதுக்குவதும், உள்ளே வைத்துப் பார்ப்பதும், மறுபடி செதுக்குவதுமாய் இருந்தார். வாடிக்குள்ளிருந்து அக்காவின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா ஒருதரம் சிலுவை அடையாளம் போட்டார். நானா தலை நிமிராமல், "கையச் சும்மா ஆட்டாம, மேலுக்கு ஒட்ட ஒரு பித்தளத் தகடு தேடு" என்றார்.

அப்பா அங்குமிங்கும் பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்தார். ஹோன் அடித்தது. கதவோரத் தகட்டை அப்படியே பிய்த்தெடுத்தார். ஹோன் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கார் ஒருநாளும் கதவுக்கு ஹோன் அடிக்கவில்லை.

தகட்டை மடித்துப் பம்பரத்தின் மேல் பதித்து, ஆடாமல் இருக்க மெழுகுவர்த்தி மெழுகை ஊற்றினார் நானா. அது தாயார் முன்னால் ஏற்றவென்று அம்மா வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தி. கம்பியைச் செருகிச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். ஒன்றுமில்லை. அவரது முகத்தில் முதல் தடவையாய் ஒரு பயம் தெரிந்தது. அப்போது அம்மா, அக்காவைத் தாங்கிக்கொண்டு வந்தபடியே, "சுருட்டுப் பெட்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்பா பாய்ந்துபோய் இருக்கைக்கு அடியில் கையை விட்டார். அடுத்த சுற்றுக்குக் கார் இருமியது, தும்மியது, கிளம்பியது.

சனம் கை தட்டியது. தட்டிய கை நிற்குமுன்னே கார் முன்னால் போகப் பார்த்து, கழுத்து நெரிந்த மாதிரி நின்றது. சங்கிலி. திறப்பு எங்கே என்று அப்பா மடியைத் தடவினார். ஆடு களவெடுக்கத் தெரியும் என்றவன் அதற்குள் ஒரு கோடரியோடு வந்து, பூட்டை மூன்றே அடியில் உடைத்தான். பழக்கமில்லாதவன் மாதிரித் தெரியவில்லை.

பன்னிரண்டு மைலும் கார் இருமிக்கொண்டே போனது. மணலில் புதையும்போது அக்கா என் கையை நெரிப்பார். "நான் கோயிலச் சுத்தல்லயே" என்று இடைக்கிடை அழுதார். "நீ பிள்ளையோட வந்து சுத்து, தாயார் தவண தருவா" என்றார் அம்மா. முன்னால் காரை ஓட்டிய ரசாக் நானா எஞ்சினோடு பேசிக்கொண்டு வந்தார், கோபமாயும் கெஞ்சியும். ஆசுபத்திரிக் கேற் தெரிகிற தூரத்தில் மெழுகு உருகி, பம்பரம் பிளந்து, கார் நின்றது. கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, யார் என்ன என்று கேட்காமல், தள்ளினார்கள். முன் கண்ணாடியில் என் வடிவான கையெழுத்தில் "பிரேக் இல்லை" என்ற பலகை அப்படியே இருந்தது. வாசித்த ஒரு நேர்ஸ் கேற்றை விட்டு விலகி ஓடினார்.

இருட்டி இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்தது, பெண். அன்னம்மாள் என்று பெயர். தாயும் பிள்ளையும் சுகம். அடுத்த நாள் மூப்பர் சைக்கிளில் வந்து லேஞ்சி முடிச்சை அப்பாவின் கையில் வைத்தார். "சுவாமி சொல்லச் சொன்னவர், தாயார் நல்லாத்தான் பாத்துக்கொண்டா, இனிமேல் பூவக் கொண்டுவந்து வைக்கட்டுமாம்." அப்பா ரோட்டரை வாங்கிக்கொண்டார். பிளந்த பம்பரத்தை ஒரு கயிற்றால் கட்டி, அதே லேஞ்சியில் முடிந்து, அதற்குப் பதிலாகக் காணிக்கைக்குக் கொடுத்தார். வெள்ளியில் செய்த வள்ளமும் கையும் காலும் தொங்குகிற கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பம்பரம் பல வருடம் கிடந்தது. அக்கா பிள்ளையோடு கோயிலைச் சுற்றியபோது நானும் பார்த்தேன்.

இப்போது அது இல்லை. போன வருடம் தேடினேன், பெட்டியையே மாற்றிவிட்டார்கள். கடைவீதியில் மரப் பம்பரமும் இல்லை, பிளாஸ்ரிக்தான், எத்தனை தட்டினாலும் ஒரே சத்தம். தலவிலைக்குத் தார் றோட்டுப் போட்டாயிற்று, மணலில் புதைந்த கார் என்றால் பிள்ளைகளுக்கு விளங்காது. அப்பாவும் போய், ரசாக் நானாவும் போய், காரும் துண்டு துண்டாய் இரும்புக்குப் போயிற்று. நானா சொன்ன வாக்குப் பிழைக்கவில்லை, அப்பாவை விட அது இரண்டு வருடம் கூட இருந்தது. வண்டிலின் மேல் ஏறி நின்று, களவன் இருந்தால் உதவிக்கு வா என்று ஒரு மனுசன் கூப்பிடலாம் என்ற அந்தத் துணிவு இன்றைக்கு என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கூப்பிடத் தோன்றவில்லை, ஓடத்தான் தோன்றிற்று.

எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது மணி வரை ஓடினேன். பஸ் நிலையம் வரை ஒருதரம், பாலம் வரை ஒருதரம், ஒரு காலில் சப்பாத்து இல்லாமல். கண்ணாடியை இறக்கி, நல்ல நிழல் பார்த்துத்தான் பிள்ளையை விட்டுப்போனேன் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். நிழல் நகரும் என்பது ரீச்சருக்கு அப்போது நினைவில்லை. திரும்பவும் கோயில் வாசலுக்கு வந்து படியில் இருந்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் கடலை விற்கிறவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி, மூன்று பேரோடு பின்பக்கமிருந்து வந்தார்.

"மிஸ், எங்க போனீங்க? உங்களத்தான் தேடுறோம். வெயில் ஏறிப் பிள்ளைட முகத்தில அடிச்சிச்சு. எழுப்பினா எங்களக் கண்டு பயந்திடும். அதான் நாங்க நாலு பேரும் சத்தமில்லாமத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால புளிய மரத்தடியில விட்டிருக்கோம். நல்ல காலம், நீங்க ஒண்டையும் பூட்டல்ல."